விழிக்க மறுத்த கணினி

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், குளுவாங்கையும் மெர்சிங்கையும் இணைக்கும் கூட்டரசுச் சாலையில் அமைந்திருக்கிறது காஹாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்குச் செல்லும் பயணிகள் இந்தச் சிற்றூரிலிருந்துதான் உட்பாதைக்குத் திரும்புவார்கள். கணினிக்கு ஓர் உதிரிப்பாகம் வேண்டுமென்றால் உடனே எட்டிப் போய் வாங்கிவருவதற்கு இது பெருநகரம் அன்று. குளுவாங் வரை செல்ல வேண்டும். இல்லையேல் இணையவழி வாங்கிவிட்டு விரைவஞ்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படியோர் ஊரில் வாழும் படிவம் நான்கு மாணவன் ஒருவனைக் கற்பனை செய்து பார்க்கலாம். இரண்டு பள்ளி விடுமுறைகளில் பெரியப்பாவின் உணவுக்கடையில் உதவி செய்து அவன் பணம் சேர்த்தான். போதாத தொகையை அம்மா கொடுத்தார். தாய்ப்பலகை, மையச் செயலி, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றைப் புதிதாக வாங்கினான். செலவைக் குறைக்க, கணினிப் பெட்டியை மட்டும் அத்தை மகனிடமிருந்து பழையதாகப் பெற்றுக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை காலை, காணொலியைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பூட்டினான். பிற்பகல் மூன்று மணிக்கு விசையை அழுத்தினான். செயலியின் மேலிருந்த காற்றாடி அரைச் சுற்று அசைந்தது; நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினான். இம்முறை அந்த அசைவுகூட இல்லை.

அவன் நெஞ்சு படபடத்தது. தாய்ப்பலகை பழுதாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எண்ணினான். ‘அல்லது நானே எரித்துவிட்டேனா?’ என்ற அச்சமும் கூடவே எழுந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து, பலகையைத் திருப்பி அனுப்பப்போவதாக விற்பனையாளருக்கு ஒரு செய்தியைத் தட்டச்சு செய்தான். அனுப்புவதற்கு முன்பு மாமா வந்துவிட்டார்.

மாமா செம்பனை எண்ணெய் ஆலையில் மின்பணியாளர். கணினியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால், நின்றுபோன இயந்திரங்களைப் பற்றி நன்கு தெரியும். அவர் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“தம்பி, காற்றாடி சுற்றவே இல்லையா, சுற்றி நின்றதா?”

“முதல் தடவை அரைச் சுற்று சுற்றி நின்றது மாமா. இரண்டாவது தடவை அசையவே இல்லை.”

“அப்படியென்றால் அந்தச் செய்தியை இப்போது அனுப்பாதே.”

சுற்றவே இல்லை என்பதும் சுற்றி நின்றது என்பதும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் கணினி இயங்கவில்லை. ஆனால், பழுது தேடுபவருக்கு இவை வெவ்வேறு திசைகளைக் காட்டும் இரண்டு அடையாளங்கள். இதைப் புரிந்துகொள்ள, விசையை அழுத்தியதும் கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டும்.

மலேசிய வீடுகளின் சுவர்ச் செருகுவாயில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணினியின் நுண்சில்லுகளால் அதைத் தாங்க முடியாது. மின்வழங்கி அதனை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தருகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கி முழுமையாக உறங்குவதில்லை. 5 வோல்ட் மின்சாரம் ஒன்று தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டே இருக்கும். பெட்டியின் முன்புற விசையை அழுத்தினால் பலகையில் உள்ள இரண்டு சிறு ஊசிகள் ஒரு நொடி இணைகின்றன. உடனே பலகை மின்வழங்கியைத் தட்டி எழுப்புகிறது. மின்வழங்கி தன் மின்னழுத்தங்கள் நிலையாகிவிட்டனவா என்று பார்த்து, அரை நொடிக்குள் ‘மின்சாரம் சரி’ என்னும் குறிப்பைப் பலகைக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே மையச் செயலி வேலையைத் தொடங்குகிறது. அது பலகையில் பதிந்துள்ள தொடக்கநிலை நிரலைப் படித்து, நினைவகம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, விசைப்பலகை, சேமிப்பகம் ஆகியவற்றைச் சோதிக்கிறது. இறுதியாகச் சேமிப்பகத்திலிருந்து இயங்குதளத்தை அழைக்கிறது.

வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலைப் போன்றது இந்த வரிசை. கடைசி வயல் காய்ந்து கிடந்தால் அந்த வயலையே வெட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மடையிலிருந்து நடந்து வந்து, நீர் எந்த இடம்வரை வந்து நின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினியில் காற்றாடி, விளக்கு, ஒலி, திரை ஆகிய நான்கும் மின்சாரம் எதுவரை வந்தது என்பதைச் சொல்கின்றன.

காற்றாடியும் அசையவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் நீர் மடையிலேயே நிற்கிறது. அப்போது பார்க்க வேண்டியவை மிக எளியவை. வேறொரு மின்கருவியை அதே செருகுவாயில் செருகிப் பார்க்கலாம். நம் நாட்டு மூன்று முனைச் செருகிக்குள் ஒரு சிறிய மின்னுருகி இருக்கிறது, அது உருகிப்போயிருக்கலாம். மின்வழங்கியின் பின்புறத்தில் தனியாக ஒரு விசை உண்டு. அதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் செல்லும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் செல்லாது. முதன்முதலாகக் கணினி பூட்டுபவர்கள் இந்த விசையை மறந்துவிட்டு மணிக்கணக்காகத் தவிப்பது புதிதன்று. முன்புற விசையிலிருந்து வரும் மெல்லிய கம்பியைப் பலகையில் ஓர் ஊசி தள்ளிச் செருகியிருந்தாலும் இதே நிலைதான்.

காற்றாடி நிற்காமல் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் நீர் பாதி வழி வந்துவிட்டது என்று பொருள். மையச் செயலிக்கென்று தனியாக ஒரு மின்வடம் உண்டு. பலகையின் மேல்மூலையில் இருப்பதால் அது கண்ணில் படாமல் விடுபட்டிருக்கலாம். நினைவகப் பலகை முழுமையாக உள்ளே அமராமல் இருக்கலாம். அதன் இரு முனைகளும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும், புதியவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். பழைய நினைவகமாக இருந்தால் அதன் பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்திருக்கலாம். அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்தாலே பல கணினிகள் விழித்துக்கொள்ளும். தனி வரைகலை அட்டை இருக்கும்போது திரையின் வடத்தைத் தாய்ப்பலகையில் செருகிவிட்டு, ‘படம் வரவில்லை’ என்று சொல்பவர்களும் உண்டு. டிடிஆர்5 வகை நினைவகத்தைக் கொண்ட புதிய கணினிகள் முதல் தடவை இயங்கும்போது, நினைவகத்தோடு பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதுவரை திரையில் எதுவும் தெரியாது. பழுது என்று நினைத்து இடையில் அணைப்பவர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

சில கணினிகள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லும். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி, தன்சோதனை முடிந்ததும் ஒரு குறுகிய ‘பீப்’ ஒலியை எழுப்பியது. கோளாறு இருந்தால் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. அவை செயலி, நினைவகம், வரைகலை, சேமிப்பகம் என்ற வரிசையில் எரிந்து அணையும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் தேட வேண்டும். ஒலிகளின் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், பலகையோடு வரும் கையேட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

காஹாங் மாணவனின் கணினி இந்த இரு வகைகளிலும் சேரவில்லை. காற்றாடி அசைந்ததால் சுவர், மின்னுருகி, பின்புற விசை, முன்புற விசை ஆகிய நான்கும் ஐயத்திலிருந்து விடுபட்டன. ஒரு கருவியையும் தொடாமல், ஒரு கேள்வியிலேயே மாமா நான்கு சந்தேகங்களை நீக்கிவிட்டார். ஆனால், தொடங்கிய மின்சாரம் உடனே ஏன் நின்றது?

“எங்கோ ஷார்ட் ஆகிறது” என்றார் மாமா.

மின்சாரம் போக வேண்டிய வழியை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் பாய்வதே குறுக்குச் சுற்று. அப்போது மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பெருகும். நல்ல மின்வழங்கி இதைக் கண்டவுடன் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பின்புற விசையை நிறுத்திச் சற்று நேரம் விட்டால்தான் மீண்டும் இயங்கச் சம்மதிக்கும். மாணவன் இரண்டாவது தடவை அழுத்தியபோது காற்றாடி அசையாததற்குக் காரணம் இதுதான். கணினி இறந்துவிடவில்லை. காவல்காரன் கதவைச் சாத்திவிட்டான், அவ்வளவுதான்.

பின்புற விசையை அணைத்து ஒரு நிமிடம் காத்திருந்து மீண்டும் போட்டார்கள். மறுபடியும் அரைச் சுற்று. ஒரே அடையாளம் மீண்டும் வந்தது நல்ல செய்தி. வந்து வந்து மறையும் பழுதைவிட, கேட்டபோதெல்லாம் தலைகாட்டும் பழுதைப் பிடிப்பது எளிது.

செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே மாமா பெட்டிக்குள் கையை விட்டார். அதற்கு முன்னர் பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியைத் தொடுமாறு மாணவனிடம் சொன்னார். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கு உணர்வே தராத அளவில் இருந்தாலும் நுண்சில்லைக் கெடுத்துவிடக்கூடும். ஜொகூரின் ஈரக்காற்றில் அது அதிகம் சேராது. குளிரூட்டிய அறையின் உலர்காற்றில் சேரும்.

மாணவன் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் சோதிக்கலாம் என்றான். அது தவறான வழி அன்று. ஆனால் நீண்ட வழி. ஐயத்திற்குரிய பாகங்கள் 16 இருந்தால், ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது 15 சோதனைகள்கூடத் தேவைப்படலாம். பாதியைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் பழுது எந்தப் பாதியில் என்பது தெரிந்துவிடும். அந்த எட்டை மீண்டும் பாதியாக்கலாம். 16 எட்டாகி, எட்டு நான்காகி, நான்கு இரண்டாகி, நான்கே சோதனைகளில் ஒன்றில் வந்து நிற்கும். பெரிய ஆலையில் ஒரு மின்கம்பித் தொடர் அறுந்திருந்தால் மாமா இப்படித்தான் நடுவில் போய் அளப்பார்.

கணினிகளின் தொடக்கக் காலத்தில் இத்தகைய தேடல் அன்றாட வேலையாகவே இருந்தது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. எந்தக் குழாய் எரிந்தது என்று தேடுவதற்கே ஆட்கள் வேண்டியிருந்தது. கணினியைப் போடும்போதும் அணைக்கும்போதும்தான் குழாய்கள் அதிகமாகக் கெட்டன என்பதால் அதைக் கூடுமானவரை அணைக்காமலேயே வைத்திருந்தார்கள். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் மின்தொடு விசை ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. பணியாளர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, அதைப் பற்றிக் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. நம் வீடுகளில் பூச்சியோடு பல்லியையும் எறும்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான மின்வழங்கி அவற்றிற்கு மிகவும் பிடித்த வீடு.

சேமிப்பகம், பெட்டியின் காற்றாடிகள், முன்புற யுஎஸ்பி கம்பிகள், இரண்டாவது நினைவகப் பலகை எல்லாவற்றையும் கூட்டாகக் கழற்றினார்கள். எஞ்சியவை செயலி, அதன் காற்றாடி, ஒரே ஒரு நினைவகப் பலகை. அழுத்தினார்கள். அரைச் சுற்று, நின்றது. ஆகவே, கழற்றியவற்றில் பழுது இல்லை.

“ஒவ்வொன்றையும் எழுதிக்கொள், தம்பி. கூட்டமாகக் கழற்றலாம், திரும்பப் பூட்டும்போது ஒன்றொன்றாகத்தான் பூட்ட வேண்டும். மூன்றை ஒன்றாகப் பூட்டிக் கணினி நின்றுவிட்டால் எது காரணம் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

மாணவன் பயிற்றிக்குப் பின்பக்கத்தில் எழுதினான். எதைச் செய்தோம், என்ன நடந்தது என்ற இரண்டு பத்திகள் மட்டுமே அதில் இருந்தன.

அடுத்து மின்வழங்கி. மாமா அதன் வடங்களைப் பலகையிலிருந்து பிரித்துத் தனியாக இயக்கி, தம் பன்மானியால் அளந்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.1 வோல்ட் வந்தது. ஐந்து விழுக்காடுவரை கூடலாம், குறையலாம் என்பது கணினி மின்வழங்கிகளுக்கான நியதி, அதாவது 11.4 முதல் 12.6 வரை சரி. மின்வழங்கியும் ஐயத்திலிருந்து நீங்கியது. இந்தச் சோதனையை மின்வேலை தெரிந்த பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் மின்வழங்கியின் மூடியைத் திறக்கக் கூடாது. அதனுள் உள்ள மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தேக்கி வைப்பவை. செருகியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது எஞ்சியிருக்கலாம். கணினி பழுது பார்ப்பதில் உயிருக்கே ஆபத்தான ஒரே இடம் அதுதான்.

“பார்த்தீர்களா மாமா, தாய்ப்பலகைதான்” என்றான் மாணவன். அவன் குரலில் பாதி வருத்தம், பாதி வெற்றி. தான் எரிக்கவில்லை, பழுதாகவே வந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

“இன்னும் ஒன்றை நீ கணக்கில் சேர்க்கவில்லையே.”

“எதை?”

“பெட்டியை.”

மாணவன் சிரித்துவிட்டான். பெட்டி வெறும் இரும்புத் தகடு. அதில் மின்சாரமே ஓடுவதில்லை. எதுவும் செய்யாத பொருளில் பழுது எப்படி இருக்கும்? பழுது தேடும் பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். எல்லாருக்கும் ஐயம் விலை உயர்ந்த பாகத்தின்மேல்தான் முதலில் எழுகிறது. எதைச் சோதிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டோமோ அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்தார்கள். அது வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியையே மேசையில் கவிழ்த்து, அதன் மேல் பலகையை வைத்தார்கள். பலகையைச் சுற்றியிருந்த பளபளப்பான நிலைமின் தடுப்புப் பையின் மேல் வைக்கவில்லை. அந்தப் பையின் மேற்பரப்பில் மின்சாரம் ஓரளவு பாயும். முன்புற விசை இப்போது இணைப்பில் இல்லை. ஆதலால் மாமா, விசைக்குரிய இரண்டு ஊசிகளைத் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டார்.

காற்றாடி சுற்றியது. நிற்கவில்லை. சில நொடிகளில் திரையில் பலகை நிறுவனத்தின் சின்னம் தோன்றியது. அதன் கீழே, சேமிப்பகம் எதுவும் இல்லை என்ற அறிவிப்பு. அப்போது சேமிப்பகம் இணைக்கப்படாததால் அந்த அறிவிப்பும் மிகச் சரியானதே.

மாணவனுக்குப் பேச்சு வரவில்லை. அதே பலகை, அதே செயலி, அதே நினைவகம், அதே மின்வழங்கி. வெளியே இயங்குகிறது, உள்ளே இயங்கவில்லை. அப்படியானால் பழுது எந்தப் பாகத்திலும் இல்லை. அவற்றை வைத்த இடத்தில் இருக்கிறது.

தாய்ப்பலகையைப் பெட்டியின் இரும்புத் தகட்டோடு நேரடியாகத் திருகுவதில்லை. பலகையின் பின்புறம் முழுவதும் ஈயப் பற்றுப்புள்ளிகள் நிறைந்திருக்கும். அவை இரும்பைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். அதனால் தகட்டில் சிறிய பித்தளைத் தாங்கிகளைத் திருகி, பலகையை அவற்றின் மேல் உயர்த்தி வைக்கிறார்கள். பலகையில் துளை உள்ள இடத்தில் மட்டுமே தாங்கி இருக்க வேண்டும். துளையின் விளிம்பில் தாங்கி பட்டால் தீங்கில்லை. அதற்கென்றே அந்த இடம் வடிவமைக்கப்பட்டுள்ளது.

ஏடிஎக்ஸ் எனப்படும் முழு அளவுத் தாய்ப்பலகையின் நீளம் 305 மில்லிமீட்டர், அகலம் 244 மில்லிமீட்டர். அதில் வழக்கமாக ஒன்பது துளைகள் இருக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்னும் சிறிய பலகையின் நீளமும் 244 மில்லிமீட்டர்தான். மேற்பகுதித் துளைகள் பலவும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். அடிவரிசை மட்டும் மாறும். சிறிய பலகை முடியும் இடத்தில், பெரிய பலகைக்குத் துளை கிடையாது.

“பலகையில் எத்தனை துளை?” என்று கேட்டார் மாமா.

மாணவன் எண்ணினான். “ஒன்பது.”

“பெட்டியில் எத்தனை தாங்கி?”

அவன் பெட்டியைச் சாளரத்துப் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் விரலை வைத்து எண்ணினான். ஒருமுறை எண்ணிவிட்டு நிறுத்தினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

“பத்து.”

அத்தை மகன் அந்தப் பெட்டியில் சிறிய பலகையை வைத்திருந்தான். அதன் அடிவரிசைத் தாங்கிகள் பெட்டியிலேயே இருந்தன. மாணவன் தன் பெரிய பலகைக்காகக் கீழே புதிய தாங்கிகளைப் பூட்டினான். பழையவற்றில் கண்ணில் பட்டதைக் கழற்றியும் வைத்தான். ஒன்று மட்டும் நிழலில் தங்கிவிட்டது. அவன் பார்த்த காணொலியில் புதிய பெட்டியைப் பயன்படுத்தினார்கள். அதனால் பழைய தாங்கியைப் பற்றி அதில் யாரும் பேசவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, அந்தத் தாங்கி அழுந்திய இடத்தில் ஒரு சிறிய வட்டத் தழும்பு பளிச்சிட்டது.

அவன் அதைத் தடவிப் பார்த்தான். “பலகை எரிந்திருக்குமா மாமா?”

“எரிந்திருக்கலாம். மின்வழங்கி நல்லதாக இருந்ததால் தப்பியது. அதிலும் காசைக் குறைத்திருந்தால் இன்றைக்கு வேறு கதை.”

பலகையைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. விற்பனையாளர் அதைச் சோதித்து, ‘பழுதில்லை’ என்று திருப்பி அனுப்பியிருப்பார். அல்லது வேறொரு புதிய பலகையை அனுப்பியிருப்பார். இரண்டில் எது நடந்தாலும், ஒரு வாரம் கழித்து அதே பத்தாவது தாங்கியின் மேல்தான் அந்தப் பலகை அமர்ந்திருக்கும். இரண்டாவது பலகை முதலாவதைப் போலத் தப்பியிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

பத்தாவது தாங்கியை மாமா இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்தார். விரல் நகத்தைவிடச் சிறியது. மாணவன் ஒன்பது திருகாணிகளையும் மீண்டும் பூட்டினான். பிறகு ஒரு நினைவகப் பலகை, சோதனை; இரண்டாவது நினைவகப் பலகை, சோதனை; சேமிப்பகம், சோதனை; காற்றாடிகள், சோதனை. ஒவ்வொரு தடவையும் திரையில் சின்னம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் பயிற்றியில் ஒரு வரி எழுதினான். இயங்குதளத்தை விரலியிலிருந்து பதிவேற்ற அதற்கு மேலும் அரை மணி நேரம் பிடித்தது.

திரையின் மூலையில் நாளும் நேரமும் தவறாக இருந்தன. மாணவன் மறுபடியும் கலங்கினான். அது பழுதன்று. பலகையின் மேலுள்ள நாணயம் போன்ற மின்கலம்தான் கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கிறது. அதன் பெயரான சிஆர்2032 என்பதிலேயே அதன் அளவும் அடங்கியிருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். புதிய பலகையில் நேரத்தை ஒருமுறை சரிசெய்தால் போதும். பழைய பலகையில் நேரம் அடிக்கடி பின்தங்கினால், மளிகைக் கடையில்கூடக் கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்ற வேண்டும்.

அதற்குள் தங்கை வந்து நாற்காலியின் பாதியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டிய இடுபணி ஒன்று காத்திருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைப் பள்ளிக் கணினியில் பயன்படுத்திப் பழகியவள் அவள். ‘இதிலும் அது வருமா?’ என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அண்ணன் இரண்டு நாள்களாகப் பட்ட பாடு அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

“வரும். முதலில் நான்தான்” என்றான் அவன்.

அம்மா தேநீர் கொண்டுவந்தார். மேசைமேல் கிடந்த பித்தளைத் துண்டைப் பார்த்து, “இது எங்கே பொருத்த வேண்டியது? விட்டுப்போய்விட்டதா?” என்று கேட்டார். மாமாவும் மாணவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் நடந்தது எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னான், எரித்துவிட்டேனோ என்று பயந்ததையும் சேர்த்து. பிறகு கைப்பேசியைத் திறந்து, அனுப்பாமல் வைத்திருந்த செய்தியை அழித்தான்.

ஐந்தரை மணிக்குப் பெலுமுட் மலைப்பக்கம் வானம் இருண்டு, இடி முழங்கத் தொடங்கியது. உலகில் மின்னல் அடிக்கடி தாக்கும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடி வழக்கமான ஒன்று. மின்னலின் மின்னழுத்தம் மின்கம்பி வழியாக மட்டுமன்றி இணைய வடத்தின் வழியாகவும் கணினிக்குள் நுழையக்கூடும். விசையை அணைத்துவிட்டால் போதும் என்பது பலருடைய தவறான எண்ணம்.

மாணவன் யாரும் சொல்லாமலேயே எழுந்தான். கணினியை முறையாக நிறுத்தினான். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். இணைய வடத்தையும் கழற்றி, மேசையின் ஓரத்தில் சுருட்டி வைத்தான். “என்னுடைய இடுபணி?” என்று தங்கை முகத்தைத் தூக்கினாள். வெளியே மழை கூரைமேல் இறங்கியது.